கொக்கின் காலடியில் ஒரு கோடு

கணக்குக் கொக்கு ஒன்று எங்கள் கொழுஞ்சி விலக்கில் ஐந்து மாதம் குடியிருந்தது என்று சொன்னால், இப்போது நான்குவழிச் சாலையில் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் போகிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்களுக்கு விலக்கு என்றால் என்னவென்றே தெரியாது. பெரிய ரோட்டிலிருந்து சின்ன ரோடு பிரியும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் விலக்கு என்று பெயர், எங்கள் விலக்கில் இரண்டு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, எட்டாம் வகுப்போடு முடிந்துபோகும் ஒரு நடுநிலைப்பள்ளி, கேரளத்துக்குப் போகிற லாரிகள் மூச்சு வாங்கிக்கொள்ள நிற்கும் ஒரு பரோட்டாக் கடை, இவ்வளவும் இருந்தன. அந்தப் பரோட்டாக் கடை எங்களுடையது.

என் பெரியப்பா இசக்கிமுத்துவும் என் அப்பா சிவனுபாண்டியும் பத்தொன்பது வருஷமாக அந்தக் கடையில் தோளோடு தோள் நின்று ஆளுக்கொரு கல்லில் பரோட்டா போட்டார்கள். ஒருவர் மாவு வீசும் சத்தமும் மற்றவர் அடுக்கி வைத்துத் தட்டும் சத்தமும் மாறி மாறி வரும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நாலு கையுள்ள ஒரே ஆள் வேலை பார்ப்பதாகத்தான் தோன்றும். பெரியப்பா மகள் சண்முகவடிவு என்னைவிட நாலு மாதம் மூத்தவள், அக்கா என்று கூப்பிடச் சொல்லிச் சொல்லி எல்லாரும் அலுத்துப்போனார்கள், எனக்கு அவள் வடிவு, அவளுக்கு நான் ஆவுடை. ஒரே வீடு, ஒரே பாய், பள்ளியில் ஒரே பெஞ்சு. எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு, எதையும் வெறும் பலகையில் வைக்கக் கூடாது. பரோட்டாவுக்கு மட்டுமில்லை, சால்னாக் கிண்ணத்துக்கும், உப்புக்கும், லாரி டிரைவர் கழற்றி வைக்கும் கைக்கடிகாரத்துக்கும்கூட அடியில் ஒரு இலை நறுக்கைப் போட்டாக வேண்டும். அதிலேயே வளர்ந்த வடிவுக்கு அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது, ஒரு மாத்திரையைக் கீழே வைப்பதென்றாலும் ஒரு துண்டுத் தாளைத் தேடுவாள்.

எட்டாம் வகுப்பில் எங்களுக்குக் கணக்கு எடுத்தவர் ஜெபக்கனி டீச்சர். சமன்பாடு என்றால் ஒரே பதில், பதில் வந்ததும் பலகையை அழித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், ஆனால் அசமன்பாட்டுக்குப் பதில் எண்ணி முடியாது, மூன்றைவிடப் பெரியது எது என்று கேட்டால் நாலும் பதில், நாற்பதும் பதில், வானத்து வெள்ளி மொத்தமும் பதில் என்று அவர் சொன்னபோது, பின்பெஞ்சுக்காரர்கள்கூட வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். பெரிது, சிறிது என்னும் குறி எங்களுக்குக் குழம்பாமல் இருக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார்.

"அது ஒரு கொக்குன்னு வச்சுக்கிடுங்க. கொக்கு எப்பவும் பெரிய மீனுக்குத்தான் வாயத் திறக்கும்."

வடிவு கொக்கை ஒழுங்காகத்தான் போடுவாள், ஆனால் ஒவ்வொரு கொக்குக்கும் அடியில் ஒரு சின்னக் கோட்டையும் இழுத்துவிடுவாள். டீச்சர் ஒவ்வொரு கோட்டுக்கும் அரை மார்க் குறைப்பார்.

"வடிவு, மூணைவிடப் பெருசுன்னுதான வந்திருக்கு. அடியில கோடு போட்டா பெருசு அல்லது சமம்னு ஆயிரும்லா. மூணு இதுல சேராது."

"தெரியும் டீச்சர். அடியில ஒண்ணும் இல்லாம வைக்க கை வரமாட்டேங்கு."

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியடில், மூன்று எக்ஸ் கூட்டல் இரண்டு பதினொன்றைவிடப் பெரிது என்று டீச்சர் எழுதினார். இருபுறமும் இரண்டைக் கழித்தார், இருபுறமும் மூன்றால் வகுத்தார், எக்ஸ் மூன்றைவிடப் பெரிது என்று முடித்துவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்த நேரத்தில் கடைசிக் குறி பலகையிலிருந்து கழன்று, தூள் உதிர உதிர இரண்டு தரம் படபடத்து, ஜன்னல் கம்பிக்கு நடுவே நுழைந்து வெளியே போனது. எக்ஸுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருந்தது. டீச்சர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மீதியை நாளைக்குப் பார்ப்போம் என்றார், மணியும் அடித்தது.

சாயங்காலத்துக்குள் கொக்கு விலக்கு முழுக்கப் பழகிவிட்டது. இரண்டு பொருள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும், எங்கிருந்தோ வந்து நடுவில் நிற்கும், பெரியதன் பக்கம் வாயைத் திறக்கும். முதலில் இரண்டு தக்காளிக் கூறுக்கு நடுவே நின்றது, பிறகு இரண்டு டீக்கடைக் கிளாசுகளுக்கு நடுவே, பிறகு ஒரே நேரத்தில் வந்து நின்ற அரசு பஸ்ஸுக்கும் தனியார் பஸ்ஸுக்கும் நடுவே. ஜனங்கள் அதை ஒரு வசதியாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். புதுசாகத் தெருவிளக்குப் போட்டால் எப்படி அதன் கீழ் உட்கார்ந்து பேசப் பழகுவார்களோ அப்படிப் பழகினார்கள். மீன்காரி பேரம் பேசுவதை விட்டாள், சேலை எடுக்கிறவர்கள் இரண்டு சேலையை விரித்துவிட்டுக் கொக்கு வரும்வரை காத்திருந்தார்கள், பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் தம்பியை உட்கார வைத்த தப்புக்காகத் திரும்பிப் போனது.

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. கொக்குக்கு இரண்டுக்கு நடுவில் நிற்கத்தான் தெரியும், மூன்று இருந்தால் திகைத்துப் போய்விடும் என்று பஞ்சர் கடைக்காரர் கண்டுபிடித்துச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் விலக்கில் யாரும் இரண்டு பேராக நிற்பதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் கோயிலுக்குப் போனால் நடுவில் ஒரு ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்தார், அல்லது மூன்று பேர் நெருக்கினார்கள். கல்யாண மேடையில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் இடையில் ஒரு நிறைகுடம் வைக்கிற வழக்கம் அந்த ஆவணியில்தான் வந்தது. பெஞ்சில் நானும் வடிவும் எங்கள் நடுவே புத்தகப் பையை வைத்துக்கொண்டோம், அவள் கை என் கையில் இடிக்காமல் எழுதுவது எனக்குப் பழகவே இல்லை.

கடையில் இரண்டு கல்லுக்கும் நடுவே ஒரு மாவுக்குண்டா இருந்தது. ஐப்பசியில் ஒரு அடைமழை நாள், எட்டு லாரி ஒன்றாக வந்து நின்றதில் மாவு தீர்ந்தது, அம்மா பிசைவதற்காகக் குண்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவ்வளவுதான், நனைந்த இறகு ஏதும் இல்லாமல் கொக்கு வந்து அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவே நின்றது, அப்பா பக்கம் வாயைத் திறந்தது.

"சின்னவர் பரோட்டாதான் பூவா இருக்குன்னு நான் எப்பவே சொல்லுதேன்," என்றார் ஒரு டிரைவர், மோசமான மனுஷன் இல்லை, வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவர்.

பெரியப்பா கல்லில் கிடந்த ஆறு பரோட்டாவையும் திருப்பிப் போட்டு எடுத்தார், தட்டினார், இலை போட்டு வைத்தார், சால்னா ஊற்றினார், பிறகு ஈரச் சாக்கைப் பிடித்துத் தன் கல்லை அடுப்பிலிருந்து இறக்கினார்.

"அண்ணே, ஒரு சாக்பீஸ் சொல்லுததக் கேட்டுக்கிட்டு இப்படிச் செய்யலாமா?" என்றார் அப்பா.

"சாக்பீஸுக்காக இல்லல. அது உன் பக்கம் திரும்புனதும் நீ ஒரு சிரிப்பு சிரிச்சேல்லா, அத நான் பாத்தேன்."

அப்பா சிரித்திருந்தார். நானும் பார்த்தேன். அரை வினாடிதான் இருக்கும், ஆனால் பத்தொன்பது வருஷம் பக்கத்தில் நின்ற மனுஷனுக்கு அரை வினாடி போதும்.

மறுநாள் கடைக்கு நடுவே ஒரு தகரத் தடுப்பு வந்தது. அந்தப் பக்கம் பெரியப்பா கல், இந்தப் பக்கம் அப்பா கல், தகரத்துக்கு நாலு விரற்கடை மேலே அந்தரத்தில் கொக்கு, வாய் எங்கள் பக்கம். வந்தவர்கள் எல்லாரும் கொக்கு காட்டின பக்கமே உட்கார்ந்தார்கள். வாரம் முடிவதற்குள் பெரியப்பா சொல்லிவிட்டார்: கேரளத்துப் புனலூரில் பெரியம்மாவின் தம்பி இருக்கிறான், அங்கே ஒரு இடம் பார்த்திருக்கிறான், தை பிறந்ததும் குடும்பத்தோடு கிளம்புகிறோம். குடும்பம் என்றால் வடிவும்தான். எனக்கு வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை, கடை இரண்டானது கூட. வடிவு போய்விடுவாள் என்பது ஒன்றுதான் சோற்றிலும் தண்ணீரிலும் கிடந்தது.

"டீச்சர், உங்க கொக்கத் திரும்பக் கூப்பிடுங்க," என்று நாங்கள் இருவரும் போய்க் கேட்டோம்.

"நான் எழுதினதுதான், ஆனா என் பேச்சக் கேக்காதும்மா. அது விதிக்குத்தான் கட்டுப்படும்," என்றார் ஜெபக்கனி டீச்சர், நிஜமாகவே வருத்தப்பட்டு.

அப்படியானால் விதியைப் பார்ப்போம் என்று நாங்கள் புத்தகத்தைத் திறந்தோம். இருபுறமும் ஒரே எண்ணைக் கூட்டலாம் என்று இருந்தது. அம்மா வைத்த சால்னாவில் ஒரு வாளியை அப்பா பக்கமும் ஒரு வாளியைப் பெரியப்பா பக்கமும் கூட்டினோம், இரண்டு பேர் ருசியும் ஏறியது, கொக்கு அசையவில்லை. இருபுறமும் ஒரே எண்ணைக் கழிக்கலாம் என்று இருந்தது. இரண்டு பேர் எண்ணெய்த் தூக்கிலிருந்தும் ஒரே செம்பால் முகந்து ஒளித்தோம், இரண்டு பேர் பரோட்டாவும் வறண்டது, இரண்டு பக்கமும் திட்டு வாங்கினோம், கொக்கு அசையவில்லை. இருபுறமும் இரண்டால் வகுக்கலாம் என்று இருந்தது. இரண்டு பேர் உருண்டையையும் பாதிப் பாதியாகக் கிள்ளி வைத்தோம், பரோட்டா உள்ளங்கை அளவுக்குச் சிறுத்தது, கொக்கு அசையவில்லை. கூட்டினாலும் கழித்தாலும் வகுத்தாலும் மாறாத பிடிவாதத்தைப் பார்த்து வடிவு தகரத்தின் கீழேயே உட்கார்ந்து அழுதாள்.

கார்த்திகையில்தான் டீச்சர் அடுத்த விதியை எடுத்தார்.

"இருபுறமும் ஒரு குறை எண்ணால பெருக்கினாலோ வகுத்தாலோ மட்டும் கொக்கு திரும்பிரும். ஏன்னு கேளுங்க. அஞ்சு படி மேல ஏறினவன், மூணு படி ஏறினவனைவிட உசரத்துல நிக்கான். அதையே கிணத்துக்குள்ள இறங்குற படின்னு மாத்திப் பாருங்க. அஞ்சு படி இறங்கினவன்தான கீழ கிடக்கான்?"

நான் அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை. நேரே கடைக்குப் போய் எங்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரிடமும், நல்லதைச் சொல்லாதீர்கள், குறையை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டேன். குறை சொல்லச் சொன்னால் எங்கள் விலக்கில் யாருக்குத்தான் நா எழாது? பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல இரண்டோ மூன்றோதான் இருந்தன, கவனிக்க ஆளில்லாதவருக்குக் குறையும் கொஞ்சம்தான். அப்பாவைப் பற்றியோ அத்தனை பேருக்கும் ஏதோ இருந்தது: எண்ணெய் கூடுதல், இப்போதெல்லாம் கை கனத்துவிட்டது, புகழ்ச்சி தலைக்கு ஏறிவிட்டது, அண்ணனைத் துரத்திய தம்பி. ஐந்தாவது ஆள் சொல்லி முடிப்பதற்குள் கொக்கு தலைகீழாகப் புரண்டு பெரியப்பா பக்கம் வாயைத் திறந்தது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையைத் தூக்கிக்கொண்டு தகரத்துக்கு அந்தப் பக்கம் போனார்கள்.

அப்பா மாவு உருட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கணக்குச் சரியாக வந்தது, அதைச் செய்தது நான், என் சொந்த அப்பாவைக் கிணற்றுப் படியில் ஐந்து படி இறக்கிவிட்டேன். பெரியப்பாவும் தகரத்தின் விளிம்பு வழியாக அப்பா முகத்தைப் பார்த்தார். பெரியப்பா சிரிக்கவில்லை. கொக்கு முதுகு காட்டிய அந்த இடத்தில் ஒன்றரை மாதம் நின்றவர் அவர்.

"இந்த எழவு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருத்தன் செத்தான்," என்றார் பொதுவாக. ஆனாலும் புனலூர்ப் பேச்சை விடவில்லை, பேச ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வராது.

மார்கழியில் அரைப்பரீட்சை எழுதினோம். பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் காலை லாரி வந்து கடைவாசலில் நின்றது. பாய், பாத்திரம், தையல் மிஷின் எல்லாம் ஏறின, கடைசியாகப் பெரியப்பாவின் கல்லும் ஈரச் சாக்கில் சுற்றி ஏறியது. தகரத்தையும் பெரியப்பாதான் வாங்கியிருந்தார், அதைக் கழற்ற வேண்டும். விலக்கே வந்து நின்றது, மூன்று மூன்று பேராக.

வடிவு தகரத்துக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி ஆவுடை, அது நடுங்குதுடி," என்றாள்.

நானும் பார்த்தேன். ஐந்து மாதமாக அத்தனை பேரும் கொக்கின் வாயை மட்டும்தான் பார்த்திருந்தோம். நாலு விரற்கடை உயரத்தில், எதன்மீதும் இல்லாமல், ஆடியிலிருந்து ஒரு நிமிஷம்கூட உட்காராமல் அது படபடத்துக்கொண்டே இருந்தது. சாக்பீஸ் தூள் இரண்டு பக்கமும் உதிர்ந்து உதிர்ந்து அதன் உடம்பு பாதியாகியிருந்தது.

"அடியில ஒண்ணுமே இல்லையேட்டி," என்றாள் வடிவு. கேள்விப்படாத அநியாயம் ஒன்றைக் கண்டுபிடித்த குரலில்தான் சொன்னாள். பிறகு அப்பா பக்கமிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மாவுக்குண்டாவில் விரலைத் தோய்த்து, தகரத்தின் மேல் விளிம்பில் கொக்குக்கு நேர் கீழே ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தாள், இலை நறுக்கு போடுவதுபோல, அவ்வளவு சாதாரணமாக.

கொக்கு இறங்கியது. கோட்டின்மேல் உட்கார்ந்தது. படபடப்பு நின்றது. வாய் மட்டும் பெரியப்பா பக்கம் திறந்தபடியே இருந்தது.

வாய் பெரியப்பா பக்கம் இருப்பதால் பெரியப்பாதான் உசத்தியா என்று அன்றைக்கு வாயை விட்ட அந்த டிரைவர் கேட்டார், பஞ்சர் கடைக்காரர் இல்லை என்றார், ஏன் இல்லை என்று அவருக்கும் தெரியவில்லை. கூட்டத்திலிருந்து ஜெபக்கனி டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பலகையில் இருப்பதை வாசிக்கிற மாதிரியே வாசித்தார்.

"பெரிது, அல்லது சமம்."

"எது டீச்சர், பெருசா, சமமா?"

"அத அது சொல்லாது. ரெண்டுல எதுவா இருந்தாலும் சரிதான்."

லாரிக்காரன் இஞ்சினைக் கிளப்பட்டுமா என்று கேட்டான். பெரியப்பா அப்பாவைப் பார்த்தார்.

"ஏல சிவனு. அன்னைக்கு ஏன் சிரிச்ச?"

அப்பா தோள் துண்டை இறக்கிக் கையில் பிடித்தார்.

"சந்தோசம்ணே. ஒரு தடவையாவது உங்க அளவுக்குப் போட்டுட்டம்னு. கத்துக் குடுத்தது நீங்கதான."

"அத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லல."

பெரியப்பா லாரிப் பக்கம் போய் சாக்கோடு சேர்த்துத் தன் கல்லை இறக்கினார், தூக்கிக்கொண்டு வந்து தகரத்துக்கு அந்தப் பக்கம் போகாமல் இந்தப் பக்கமாக வந்தார்.

"மாவு ஊறிட்டா?"

"ஊறிட்டுண்ணே."

அன்றைக்கு லாரிக்காரனுக்குப் பன்னிரண்டு பரோட்டா, அவனும் சாமானை எல்லாம் இறக்கி வைத்துவிட்டுத்தான் போனான். தகரத்தைக் கழற்றிக் கொக்கோடும் கோட்டோடும் கடையின் பின்சுவரில் மாட்டினார்கள், மாட்டும்போது கொக்கு விழித்ததாகத் தெரியவில்லை. மறுவாரத்திலிருந்து ஆடுகள் ஆடுகளாக மேய்ந்தன, நிறைகுடம் மேடையிலிருந்து இறங்கியது, பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். அதுவரை அதிகம் புழங்காத 'அல்லது' என்ற சொல் எங்கள் விலக்கில் எல்லார் வாயிலும் வந்தது. எந்தக் கடை டீ நல்லா இருக்கும் என்று வெளியூர்க்காரர் கேட்டால், அந்தக் கடை நல்லா இருக்கும், அல்லது சமம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இப்போது அந்தக் கடை இல்லை. சாலை அகலமானபோது பின்சுவர் வரைக்கும் எடுத்துக்கொண்டார்கள், அப்பாவும் பெரியப்பாவும் அதற்கு முன்பே ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். வடிவு கல்யாணமாகிப் புனலூருக்கே போனாள், அதை நினைத்து நாங்கள் போனில் சிரிப்போம். தகரம் அவள் வீட்டில் இருக்கிறது. மழைக்காலத்தில் கோடு மங்கும்போது மாவைத் தொட்டு மறுபடியும் இழுத்துவிடுகிறேன் என்று சொல்வாள். எனக்கு அந்த வருஷத்தைப்போல ஒரு வருஷம் பிறகு வாய்க்கவில்லை, இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த லாரி திரும்பிப் போனதற்கு மறுவாரம் நடந்தது. டீச்சர் அரைப்பரீட்சைத் தாளைக் கொடுத்தார். எனக்கு எழுபத்தொன்று, வடிவுக்கு அறுபத்தாறு, அவள் தாளில் பதினோரு கொக்கு, பதினோரு கோடு, பதினோரு அரை மார்க் குறைப்பு. டீச்சர் அவள் தாளைத் திரும்ப வாங்கி மேஜைமேல் வைத்தார். கணக்குப்படி இது தப்புத்தான், அடுத்த பரீட்சையில் இப்படிப் போட்டால் மறுபடியும் குறைப்பேன் என்று கண்டிப்பாகச் சொன்னார், சொல்லிவிட்டு ஒவ்வொரு அரையாகச் சிவப்பு மையில் திருப்பிக் கொடுத்தார். எழுபத்தொன்றரை ஆனது.

என்னைவிட அரை மார்க் அதிகம். வகுப்பே எங்களைப் பார்த்தது, பிறகு எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. வடிவு தாளை வாங்கிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தாள். ஆவணியிலிருந்து எங்கள் நடுவே இருந்த புத்தகப் பையைத் தூக்கினாள், பரீட்சைத் தாளைத் தரையில் விரித்தாள், அதன்மேல் பையை வைத்தாள், என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.